வெள்ளைத் தரையில் மைன்ஸ் பூட்ஸ்

என் கடையின் படம் ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறது. வழவழப்பான காகிதம், ஒரு பக்கம் முழுக்க. கட்டடம் வரைகிறவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுப்பதற்காக நடத்துகிற பத்திரிகை அது. படத்தில் சுவர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, எண்ணிப் பதினோரு பாத்திரம் இருக்கிறது. ஆள் ஒருத்தர் இல்லை. நானும் இல்லை. என் கடையை நான் இல்லாமல் ஒருவர் படம் எடுத்துவிட்டார் என்றால் அது சாதாரணத் திறமை இல்லை. நாற்பது வருஷமாக என் பெண்டாட்டிக்கே அது முடியவில்லை. எந்தக் கல்யாணப் படத்திலும் ஓரத்திலாவது நான் இருப்பேன்.

நான் அஞ்சாங்கிளாஸ். அதிலும் பாதிதான். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நெய்வேலி மைன்ஸ் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றியவன். பாத்திரம் வாங்குகிறவர்களுக்கு அதில் பேர் வெட்டித் தருவேன். எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான். பள்ளிக்கூடம் சொல்லித் தராத ஸ்ரீயை ஒரு சொம்பில்தான் கற்றேன். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்கே இருப்பதால், தமிழ்நாட்டில் என்னென்ன பேர் உண்டோ அத்தனையும் என் கையால் எழுதியாகிவிட்டது. புத்தகம் எழுதுகிறவர்கள் வாசகர்கள் இல்லை என்று குறைப்படுகிறார்கள். நான் எழுதியதைத் தினம் ரெண்டு வேளை தேய்த்துக் கழுவிப் படிக்கிறார்கள்.

ஆர்ச் கேட்டுக்கு வெளியே மெயின் ரோட்டில் இடம் வாங்கினேன். கீழே கடை, மேலே வீடு. கட்டடத்துக்குப் பிளான் போட்டவன் நான். ஒரு சிமெண்ட் மூட்டைக் காகிதத்தின் பின்னால் பென்சிலால் கோடு இழுத்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். இன்றைக்கும் ஒரு விரிசல் கிடையாது. கடைக்குள் குடம், அண்டா, தவலை, டிபன் கேரியர் எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். தரையிலிருந்து எழும்பும். ரெண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். சேத்தியாத்தோப்பிலிருந்தும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும் சீர் பாத்திரம் எடுக்க வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பெண்பிள்ளை குடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டே அவள் வாங்குவாளா மாட்டாளா என்று நான் சொல்லிவிடுவேன்.

இவ்வளவும் தப்பு என்று எனக்கு என் மகள் வந்துதான் தெரிந்தது.

எனக்கு ஒரே மகள். சென்னையில் பெரிய கம்பெனியில், கடைகளுக்குள் எந்தச் சாமானை எங்கே வைத்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று சொல்லுகிற உத்தியோகம். அதைச் சொல்ல ஒரு உத்தியோகம் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பதை நான் நம்புவதற்கே ரெண்டு வருஷம் ஆனது. அவள் அம்மா போன பிறகு மேல் வீட்டில் நான் ஒரு ஆள். ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவுக்குச் சின்னப் பாத்திரம் பாத்திரக்கடைக்காரனிடமே கிடையாது. தினமும் மிஞ்சும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. போன வருஷம் அவளே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கடைய நான் பாத்துக்கறேன். உங்க மாப்பிள்ளைக்கு எங்க இருந்தாலும் கம்ப்யூட்டர்லதான் வேலை. பாப்பாவ இங்கயே ஸ்கூல்ல போட்டுடலாம்."

"தாராளமா."

"ரெண்டு கண்டிஷன். கடை எப்படி இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். நீங்க தீபாவளி வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"தீபாவளிக்கு அப்புறம்?"

"அதுக்குள்ள கடை நிக்கலன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். பூட்டிட்டு நான் மெட்ராஸ் போயிடுவேன். நீங்க யாருக்காவது வாடகைக்கு விட்டுக்கங்க."

சம்மதித்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்ட செய்தி பஜாரில் பரவி, ரெண்டு பேர் என் உடம்புக்கு என்ன என்று நேரில் வந்து விசாரித்தார்கள். மகள் சென்னையிலிருந்து பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். ஒவ்வொன்றின் மேலும் பட்டை மார்க்கரில் 'கிச்சன்', 'புக்ஸ்', 'பாப்பா விளையாட்டு' என்று எழுதியிருந்தாள். மேல் வீட்டு ஹாலில் சுவரோரம் அடுக்கினாள். எதையும் பிரிக்கவில்லை. தேவைக்கு ரெண்டு சூட்கேஸ். தீபாவளிக்குப் பிறகு பிரிப்பதா, அப்படியே லாரியில் ஏற்றுவதா என்பதுதான் விஷயம். பேத்தி பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடுவாள். நான் காபி குடிக்கும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டு குடிப்பேன்.

கடையை வரைய ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தார். மகளோடு முன்பு வேலை பார்த்தவர். காதுக்கு மேலே தலையை மழித்து நடுவில் கொண்டை. வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டவுன்ஷிப்பைச் சுற்றிப் பார்த்தார். ரோடு காலி, ரெண்டு பக்கமும் மரம், நிழல். "இவ்ளோ அமைதியான, சுத்தமான ஊரா இருக்கே அங்கிள்" என்றார். ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு நெய்வேலியைப் பார்த்தவர் அவர். திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் விடும்போது பார்த்திருந்தால் ஊர் எந்த நிறம் என்று தெரிந்திருக்கும். சொல்ல வாய் வந்தது. ஒப்பந்தம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

பழைய கடைக்குள் நின்று மேலும் கீழும் பார்த்தார். "கடைக்கு மூச்சு விட இடமே இல்லையே அங்கிள்" என்றார். முப்பது வருஷமாக என் கடை மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது. நான்தான் வியாபாரம் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று மாசத்தில் கடை மூச்சு விட ஆரம்பித்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே வெள்ளைச் சுவர். ஒரு தட்டுக்கு ஒரு பாத்திரம், அதன் தலைமேல் ஒரு விளக்கு. ஏதோ குற்றம் செய்து மாட்டிக்கொண்டு விசாரணைக்கு நிற்பதுபோல ஒரு சொம்பு. மிச்சச் சரக்கு முழுக்கப் பின்னால், கதவே தெரியாத ஒரு கதவுக்குள். கடைப் பெயரைச் சாம்பல் சுவரில் சாம்பல் எழுத்தில் விரற்கடை அளவுக்குப் பதித்தார்கள். ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்கள் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தால் படிக்கலாம். பழைய கல்லாவுக்கு மேலே இருந்த மாதா படத்தை எடுக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் முடியாது என்று தலையை ஆட்டினேன்; தலையை ஆட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. கடைசியில் சுவரில் ஒரு மாடம் குடைந்து மாதாவுக்கும் ஒரு விளக்கு போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தரை. கல் இல்லை, டைல்ஸ் இல்லை, இட்லி மாவைக் கரைத்து ஊற்றிப் பரப்பின மாதிரி கோடே இல்லாத ஒரே வெள்ளை. வெள்ளை என்றால் நெய்வேலியில் யாரும் பார்த்தே இராத வெள்ளை. இங்கே வேட்டியே அப்படி இருக்காது.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் திறந்தோம். ஊரே வந்து வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போனது. மறுநாளும் பார்த்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மாள், வாசலில் செருப்பை விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெதுவாக உள்ளே வந்து என் மகளிடம் கேட்டார்: "டோக்கன் எங்கங்க போடறது?"

"என்ன டோக்கன்மா?"

"ஸ்கேனுக்கு. வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க, அப்படியே வந்துட்டேன்."

ஸ்கேன் சென்டர் நாலு கடை தள்ளி. நான் பின்பக்கம் போய் ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்துவிட்டு வந்தேன். மகள் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவும் இல்லை.

ஒரு மாசம் இப்படியே போனது. சீர் பாத்திர வேன்கள் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்து, அப்புறம் பஜார் பக்கம் திரும்பிக்கொண்டன. மகள் விளக்கை மாற்றினாள், பாத்திரத்தை இடம் மாற்றினாள், போனில் விளம்பரம் போட்டாள். விலையா, ஆன்லைனா, ஏ.சி.யா என்று புருஷனோடு பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குக் காரணம் தெரியும் என்று அப்போது நினைத்தேன்: கடை யாருக்கும் பிடிக்கவில்லை. நான் நினைத்தபடி ஆகிவிட்டது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மேலே ஏறிப் போய்ப் பெட்டிகளைப் பார்க்கும் வரைக்கும் இருந்தது. நான் ஜெயித்தால் பன்னிரண்டும் லாரியில் ஏறும். ஜெயித்து என்ன செய்ய? பழையபடி மிஞ்சின குழம்பைச் சுடவைக்க.

புரட்டாசியில் ஆர்க்கிடெக்ட் படம் எடுக்க வந்தார். பத்திரிகையில் வந்தால் பெரிய பெயர், பாண்டிச்சேரி கடலூரிலிருந்தெல்லாம் ஆள் வரும் என்று மகளுக்கு நம்பிக்கை. கூடவே ஒரு போட்டோக்காரப் பெண், மூன்று கால் ஸ்டாண்டு, குடைகுடையாக விளக்கு. வந்தது மாசக் கடைசி நாள். அது என்ன நாள் என்று இங்கே பொறந்த குழந்தைக்கும் தெரியும். மைன்ஸில் ரிட்டயர் ஆகிறவர்கள் எல்லாம் மாசக் கடைசியில்தான் ஆவார்கள். செக்ஷன் ஆட்கள் ஒன்றுசேர்ந்து பாத்திரமோ விளக்கோ வாங்கி, பேர் வெட்டி, மாலையோடு ஆளை வீட்டில் கொண்டுபோய் விட்டு வருவார்கள். பழைய கடையில் மாசக் கடைசியில் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

காலையிலிருந்து படம் எடுத்தார்கள். ஒரு சொம்பை அரை விரல் இந்தப் பக்கம் நகர்த்துவார்கள், பார்ப்பார்கள், அரை விரல் அந்தப் பக்கம் நகர்த்துவார்கள். சொம்புக்கே கை கால் முளைத்திருந்தால் எழுந்து போயிருக்கும். கல்லா பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்கார முடியுமா? ஃப்ரேம்ல வரீங்க."

வந்தேன். என் கடை வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில், வெயிலில்.

ரெண்டேகால் இருக்கும். நாலு பைக்கில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். கன்வேயர் செக்ஷன். முதல் நாள் மழை. முழங்கால் வரை சேறு, பழுப்புக் கரியும் களிமண்ணும் சேர்ந்தது, காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடிக்கும். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். அப்படியே குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் ரெண்டு பேர் முதலில் கழற்றினார்கள். பர்மனென்ட் ஆட்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழற்றினார்கள். வாசலில் பன்னிரண்டு பூட்ஸ். அப்புறம் தங்கள் காலைப் பார்த்தார்கள். காலும் அதே நிறம். அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மூத்தவர், மீசை நரைத்தவர், என்னிடம் வந்தார்.

"முதலாளி, எங்க ஃபோர்மேனுக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஃபேர்வெல்லு. ஒரு சாமான் எடுக்கணும். நீங்களே ஒண்ணு எடுத்துகினு வந்து காட்டுங்களேன்."

நான் வாயை விரலால் காட்டி, உள்ளே கையைக் காட்டினேன்.

"தொண்டை சரியில்லயா? பரவால்லங்க. போன மாசமும் வந்தோம். இவ்ளோ நல்லா தரை போட்டிருக்கீங்க, இதுல எப்படிக் கால வைக்கிறது? வூட்டுல துடைச்ச தரையில பூட்ஸோட ஏறினாலே எம் பொண்டாட்டி வெளக்கமாத்த எடுத்துகினு வருவா. அதான் அப்படியே திரும்பி பஜாருக்குப் போயிட்டோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடை பிடிக்காமல் வராமல் இல்லை. ரொம்பப் பிடித்துப்போய் வராமல் இருக்கிறார்கள். ஒரு மாசமாக இந்த ஊரே என் மகளின் தரைக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறது.

அதற்குள் ஆர்க்கிடெக்ட் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அண்ணா, அந்த ஷூஸெல்லாம் கொஞ்சம் தள்ளி வைக்கறீங்களா? கண்ணாடியில தெரியுது. ஒரு மணி நேரம் கழிச்சு வந்தீங்கன்னா நல்லது."

"படம் எடுக்கறீங்களா சார்?"

"ஆமா."

"எங்களையா?"

"இல்ல, கடைய."

"கடை நாளைக்கும் இங்கதான் சார் இருக்கும். எங்க ஃபோர்மேன் நாளைக்கு இருக்க மாட்டாரே."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் குனிந்து பூட்ஸை எடுக்கப் போனார்கள். சண்டை போடுகிற ஆட்கள் இல்லை. சின்னவன் ஒருத்தன், "வாண்ணே, பஜாருக்கே போயிடலாம், மணி ஆவுது" என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எங்கள் பேச்சு கேட்காது. முகம் மட்டும் தெரிந்தது. ஆறு பேர் திரும்பிப் போவதை, அந்த மாசத்தில் எத்தனையாவது தடவையோ, பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை மேலே, மாடிப்படிப் பக்கம் போய் வந்தது. பெட்டிகளை நினைத்தாளோ என்னவோ. நான் நினைத்தேன்.

நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வாயைத் திறக்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். என் செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்கு எட்டின ரெண்டு பூட்ஸில் காலை விட்டேன். சேறு சொதசொதவென்று விரலுக்கு நடுவே ஏறியது. கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

முதல் அடி. ரெண்டாவது அடி. லேஸ் கட்டாத பூட்ஸ், ஒவ்வொரு அடிக்கும் டொப் டொப் என்றது. வெள்ளைத் தரையில் பழுப்பும் கறுப்புமாக, அச்சு அச்சாக விழுந்தது. போட்டோக்காரப் பெண் கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினாள். ஆர்க்கிடெக்ட் கையிலிருந்த சொம்பைக் குழந்தையை அணைப்பது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் நேராகக் கடை நடுவுக்குப் போய் நின்றேன். வெளியிலிருந்து சின்னவன் குரல் கேட்டது.

"முதலாளி, லெஃப்டு என்னுது. ரைட்டு அவருது. ரெண்டும் வேற வேற சைஸு, வுழுந்துடப் போறீங்க."

மகள் தரையைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். வாசலில் மிச்சமிருந்த பத்து பூட்ஸையும், வெறுங்காலோடு நிற்கிற ஆறு பேரையும் பார்த்தாள். கடைகளுக்குள் எதை எங்கே வைப்பது என்று சம்பளம் வாங்கிச் சொன்னவள் இல்லையா, அவளுக்கு விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. என்னைத் தாண்டி நடந்து போய்க் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் பூட்ஸ் போட்டுக்கிட்டே உள்ள வாங்க."

"வேணாம்மா, தரை… எங்க ஃபோர்மேன் இன்னிக்கு ரிட்டயரு, ஒரே ஒரு சாமான்தான்…"

"எங்கப்பாவே ஆரம்பிச்சு வச்சிட்டார். வாங்க."

ஆர்க்கிடெக்ட் அவள் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "இந்த வெளிச்சம் மூணு மணிக்கு மேல இருக்காது."

"வெளிச்சம் நாளைக்கு வரும். அவர் இன்னிக்குத்தான் ரிட்டயர் ஆறார்."

வந்தார்கள். முதலில் ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. அப்புறம் கால் பழகிவிட்டது. தட்டில் தனியாக நின்ற சொம்பை ஒருத்தர் எடுத்து முட்டியால் தட்டினார். அந்தக் கடையில் விழுந்த முதல் தட்டு அது. மகள் பின்கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருந்த சரக்கையெல்லாம் இழுத்துப் போட்டாள். குத்துவிளக்கா குடமா என்று பெரிய விவாதம். ஃபோர்மேன் வீட்டில் ஏற்கெனவே ஏழு குத்துவிளக்கு இருப்பதாகத் தகவல். கடைசியில் மீசைக்காரர் ஒரு பெரிய இட்லிப் பானையைத் தூக்கினார்.

"முப்பது வருஷமா நம்மள வேக வச்சாரு. இனிமே வூட்டுல உக்காந்து இட்லி வேக வைக்கட்டும்."

பேர் வெட்டுகிற மிஷினைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆனது. அதையும் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளை மேடை, மேலே ஒரே ஒரு பித்தளைக் கூஜா. கூஜாவை இறக்கிவிட்டு மேடையில் பானையைக் கவிழ்த்து நான் வெட்டினேன். தலைக்கு மேலே விளக்கு வேறு. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வெளிச்சத்தில் பேர் வெட்டியதில்லை. ஆர்க்கிடெக்ட் எங்களுக்குச் செய்த உபகாரங்களில் அதை மறக்கக் கூடாது.

நாலு மணிக்குள் இன்னும் மூன்று செக்ஷன் வந்தது. கதவு திறந்திருந்தது, தரை ஏற்கெனவே கெட்டிருந்தது, யாரும் யோசிக்கவில்லை.

படம் எப்படிப் பத்திரிகையில் வந்தது என்றால், காலையில் எடுத்த ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதிலும் கண்ணாடியில் என் ஸ்டூல் மூலை தெரிந்ததாம், கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார்களாம். அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, "இது எந்த ஊருக் கடைங்க? ஷோக்கா இருக்கே" என்று கேட்கிறார்கள். எனக்கு இப்போது வாய் திறக்க அனுமதி உண்டு. "மெட்ராஸ்ல" என்று சொல்கிறேன்.

தரை இன்னும் வெள்ளைதான், ராத்திரி துடைத்தால். பகலில் அது நெய்வேலி நிறத்துக்கு வந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது துடைத்து மாளவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை, கடை திறக்கிற நேரம். வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கக்கத்தில் மடித்துத் தட்டையாக்கின அட்டைகள், ரெண்டு பக்கமும். வாசலிலிருந்து கல்லா வரைக்கும் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். எல்லாக் கடையிலும் மழைக்குப் போடுவதுதான். நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைட் ஷிப்ட் முடிந்து முதலில் நுழைந்த ஆள் அட்டைமேல் பூட்ஸை நன்றாக அழுத்தித் துடைத்தான். அவன் நகர்ந்ததும் எழுத்து தெரிந்தது. அவளுடைய பட்டை மார்க்கர். 'கிச்சன்.' அடுத்தது 'புக்ஸ்.' கல்லாவுக்குப் பக்கத்தில், என் காலடியில், 'பாப்பா விளையாட்டு.' உட்கார்ந்தபடியே எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தது.

"என்னப்பா, தரைய அப்படிப் பாக்கறீங்க? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க" என்றாள் மகள்.

"அந்தக் கடைசி அட்டை கோணலா இருக்கு" என்றேன்.